பையன் கையிலும் ஒரு குரோஷா ஊசி

கோடை விடுமுறை நெருங்கினால் மின்கம்பம் பாக்கியில்லாமல் பயிற்சி முகாம் விளம்பரங்கள்தான். இந்த வாரம் கண்ணில் பட்ட ஒன்று எரிச்சலைக் கிளப்பியது. இடப்பக்கம் ரோபாட்டிக்ஸ், கோடிங். பக்கத்தில் ஒரு பையன் படம். வலப்பக்கம் எம்ப்ராய்டரி, குரோஷா, நிட்டிங். ரிப்பன் கட்டிய சிறுமி. கீழே, குழந்தைகளை மொபைலிலிருந்து மீட்பதாக உறுதிமொழி. மொபைல் பழக்கத்துக்கு ஊசிநூல் மருந்தா என்ற ஆராய்ச்சியை நிபுணர்களிடம் விட்டுவிடலாம். தையலை மருந்தாகவோ பொழுதுபோக்காகவோ மட்டும் பார்க்கும் புத்திதான் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. பரீட்சை நெருங்கியதும் தையல் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி இந்தப் பத்தியில் நான் புலம்பாத வருஷம் இல்லை. வழக்கமான வாசகர்கள் இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கணக்கு டீச்சருக்கே குரோஷா தேவைப்படும். கண்ணிக்குக் கண்ணி சரியாகப் பின்னினால் துணி நீளவாக்கில் தட்டையாக வளரும். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கண்ணிக்கு ஒன்று வீதம் கூட்டிப் பாருங்கள்: நாலைந்து வரிசைக்குள் விளிம்புக்கு இடம் போதாமல் நெளிந்து, கோழிக்கொண்டைப் பூவாகச் சுருண்டுகொள்ளும். ஒரு கோட்டுக்கு வெளியே இருக்கும் புள்ளி வழியாக, அந்தக் கோட்டைத் தொடாத கோடுகள் பல செல்லக்கூடிய ஹைபர்போலிக் தளத்தின் மாதிரி அது. காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் கிழிந்துபோவதைப் பார்த்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா, 1997-ல் குரோஷா ஊசியை எடுத்து அதைப் பின்னிக் காட்டினார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கண்ணி ஒன்று விட்டுப்போனால் துணி குறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பு மை தேவையில்லை. நூலை இழுத்துப் பிரித்துவிட்டு, அதே நூலில் மறுபடி பின்னலாம். தப்புக்கு இவ்வளவு குறைந்த தண்டனை தரும் பாடம் வேறு எது?

எல்லாம் மெஷின் தைக்கும்போது கை எதற்கு என்பார்கள். கால்குலேட்டர் இருந்தும் வாய்ப்பாடு சொல்லித்தருகிறோமே என்பதே அதற்குப் பதில். கனமான மறுப்பு வேறொன்று. பள்ளியில் கைத்தொழில் என்றதும் தமிழ்நாட்டுக்கு 1953 நினைவுக்கு வரும், வர வேண்டியதுதான். ராஜாஜியின் திட்டம் கிராமப் பிள்ளைகளைப் பாதி நேரம் வகுப்பில் உட்காரவைத்து, மீதி நேரத்துக்கு அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்ததில் முழு நியாயம் இருந்தது. மறுவருஷம் காமராஜர் அதைக் கைவிட்டார். ஆனால் கைவேலையைக் கற்பது அங்கே குற்றமாக இருக்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை என்பதைப் பிறப்பு தீர்மானித்ததுதான் குற்றம்.

பிறப்பு தீர்மானிக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு நாகர்கோவில் சாட்சி. 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். வந்த மாணவிகளில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. லேஸ் விற்ற பணம் பள்ளி நடக்க உதவியது. சில பெண்கள் பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். ஆண்டைக்குச் சொந்தமான கைகள், அவன் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒரு வித்தையைக் கற்று, அதற்குக் காசும் வாங்கின. அந்தக் காசு அவர்கள் கையிலேயே நின்றதுதான் விஷயம்.

நிற்காவிட்டால்? ஆந்திராவின் நரசாபூரிலும் குரோஷா லேஸ் மிஷனரிகள் மூலம் வந்ததுதான். அங்கே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-ல் வெளியிட்ட புத்தகம் என் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய ஒன்று. பள்ளிக் கல்வி அதிகாரிகள் அலமாரியிலும் இருக்கலாம். நாள் முழுக்கப் பின்னியவர்கள் வெறும் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டார்கள். அவர்கள் உழைப்புக்கு ஓய்வுநேர வேலை என்று பெயர். அதனால் கூலி அற்பம். ஏற்றுமதி லாபம் ஆண்களான வியாபாரிகளுக்கு. இரண்டு ஊரிலும் பெண்கள் பின்னியது லேஸ்தான். வித்தியாசம், அதை வேலை என்று மதித்தார்களா, பொழுதுபோக்கு என்று ஒதுக்கினார்களா என்பதில்.

ஆகவே தையலைப் பள்ளியிலிருந்து விரட்டிவிட்டால் சாதியும் கூலிச்சுரண்டலும் போய்விடாது. செய்ய வேண்டியது வேறு. முதலில், தையல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பில் வேண்டும். 1919-ல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளி மரபில் பையன்களும் முதல் வகுப்பிலேயே நிட்டிங் பழகுகிறார்கள். காஜா எடுக்கத் தெரிந்த பையன், தன் சட்டையைத் தைத்தவரின் கூலியைக் கேட்கத் துணிவான் என்று உத்தரவாதம் இல்லைதான். ஆனால் அந்தக் காஜாவுக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது, சொல்லித்தருபவருக்கு மரியாதை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-ல் தையல் ஆசிரியர்களைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். ஆசிரியருக்கு அரைச் சம்பளம் கொடுத்துவிட்டு, அவர் சொல்லித்தருவதை முழுப் பாடமாகப் பிள்ளைகள் மதிக்க வேண்டும் என்றால் எப்படி?