மேசைக்கு விறைப்பு, படுக்கைக்கு இழைவு

இலக்கியம் கற்பிப்பவருக்குக் கஞ்சி போட்ட துணியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சங்கப் புலவர்களுக்கே அதில் வேலை இருந்திருக்கிறது. குறுந்தொகையின் 330ஆம் பாடலில், பசையில் தோய்த்து அடித்த ஆடையைப் புலைத்தி குளிர்ந்த குளத்து நீரில் இடுகிறாள். முறுக்குப் பிரியாத அந்தத் துணிதான் பகன்றையின் வெண்பூவுக்கு உவமை. நற்றிணையின் 90ஆம் பாடலில் ஊரே விழாக் கொண்டாடுகிறது; அவளுக்கு மட்டும் கை ஓய்வதில்லை. இரவில் அவள் கஞ்சியில் தோய்த்துத் தந்த ஆடையை உடுத்துக்கொண்டு இன்னொருத்தி ஊசலாட வருகிறாள். அகநானூற்றின் 34ஆம் பாடலோ அவளுடைய விரல்களையே பார்க்கிறது; பசை அவற்றைத் தின்றிருக்கிறது. துணியின் வெண்மையைக் கண்ட புலவர்கள் அதற்குப் பின்னால் இருந்த கையையும் கண்டார்கள். இன்று நாம் மொடமொடப்பை மட்டுமே பார்க்கிறோம் என்பதுதான் என் குறை.

எங்கள் போத்தனூருக்கு இந்தப் பேச்சு பொருத்தமானது. 1862இல் இருப்புப்பாதை இங்கே வந்துவிட்டது. கோயம்புத்தூர் நகருக்கு அது நீண்டது 1873இல்தான். ரயில்வே குடியிருப்பும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் சேர்ந்து ஊருக்குத் தனி முகம் ஒன்றைக் கொடுத்தன. மேசைவிரிப்பு, கைத்துடைப்பான், தலையணை உறை என்று வீட்டுத் துணி அனைத்துக்கும் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் வைக்கும் பழக்கம் அத்தகைய குடியிருப்புகளின் வழியாகவே நம் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது என்று கருதுகிறேன். வேட்டிக்கும் சேலைக்கும் கஞ்சி நமக்குப் பழையது. படுக்கை விரிப்புக்குக் கஞ்சி புதியது. பழையதை ஏற்கவும் புதியதை மறுக்கவும் எனக்குக் காரணங்கள் உண்டு.

முதலில் மேசை. பருத்தி இழையும் மாவுப்பொருளும் ஒரே சர்க்கரையால், குளுக்கோஸால், கட்டப்பட்டவை. ஆகவே ஒன்றோடொன்று நன்றாக ஒட்டும். குளிர்ந்த நீரில் கரையாத மாவு, சூடேறியதும் ஊதி வெடித்துக் கூழாகிறது. அந்தக் கூழ் இழைகளின்மேல் மெல்லிய படலமாகக் காய்கிறது. சாம்பாரோ குழம்போ சிந்தினால் கறையில் பெரும்பகுதி படலத்தோடு நின்றுவிடும். வெந்நீரில் அலசும்போது படலம் கழன்று கறையையும் இழுத்துச் செல்லும். எனவே மேசைவிரிப்பில் கஞ்சி வெறும் ஆடம்பரம் அன்று, துணிக்கு ஒரு காப்பு. கல்யாண மண்டபங்களில் காகிதச் சுருளை விரித்து, உண்டு முடித்ததும் இலையோடு சேர்த்துச் சுருட்டி எறிகிறோம். அதைவிடக் கஞ்சி போட்ட பருத்தி விரிப்பு எவ்வளவோ மேல்.

படுக்கை வேறு. காற்றை விட வேண்டிய இடத்தில் கஞ்சி துளைகளை அடைக்கிறது. வியர்வை பட்டால் படலம் இளகிப் பிசுபிசுக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று நுழையும் ஆடி மாதத்தில், கஞ்சித் துணியை அடுக்கி வைத்த அலமாரியில் பூஞ்சை வாடை எழும். வெள்ளிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாவுப்பொருள் நல்ல உணவு. நெடுநாள் மடித்தே கிடந்தால் மடிப்பில் இழை ஒடியும். கஞ்சி போட்டால் விரிப்பு சீக்கிரம் அழுக்காகாது என்பார்கள், உண்மைதான். ஆனால் படுக்கை விரிப்பை அடிக்கடி துவைப்பதற்கு மாற்றாக அதைச் சொல்வது முறையன்று. வேண்டுமானால் தலையணை உறைக்கு மட்டும் நீர்த்த கஞ்சி போடுங்கள், போதும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் துணி பிறப்பதே கஞ்சியில்தான். தறியில் ஏறுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி ஊட்டுவார்கள். இல்லாவிட்டால் உராய்வில் நூல் அறும். படுக்கை விரிப்புக்குப் பெயர்பெற்ற சென்னிமலைத் தறிகளுக்கும் இது பொது விதி. நம் குச்சிக்கிழங்கிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் எடுப்போருக்குச் சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் கைத்தறி நொடித்தபோது நெசவாளர்களுக்காகக் கஞ்சித் தொட்டி திறக்க வேண்டியதாயிற்று. நூலுக்குக் கஞ்சி ஊட்டிய கை, கஞ்சிக்கு ஏந்தியது. இந்தச் சொல்லின் இரு பொருளையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

சலவை செய்தவர் கதையும் அதுவே. சோறு வடித்த கஞ்சி துணிக்குப் போனது. மிஞ்சிய சோறு, இரவில் வாசலில் வந்து நின்ற வண்ணாருக்குக் கூலியாகப் போனது. உழைப்புக்குரிய விலையை இரப்பாக்கி வைத்திருந்த வழக்கம் அது. அது ஒழிந்ததற்கு வருந்த ஒன்றுமில்லை. குக்கர் வந்து வடிகஞ்சி குறைந்தது. ரிவைவ் போன்ற பொட்டலங்கள் வந்தன. ஆனால் பொட்டலம் கஞ்சியைத்தான் தரும், கையைத் தராது. தோய்த்து, பிழிந்து, உதறி, நிழலில் உலர்த்தி, ஈரம் தெளித்துத் தேய்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டில் பெரும்பாலும் அது ஒரு பெண். வெளியே, தள்ளுவண்டியில் கரிப்பெட்டியோடு நிற்பவர்.

ஆகவே என் முடிவு இது. விருந்து மேசைக்குக் கஞ்சி இருக்கட்டும், படுக்கைக்கு வேண்டாம். கஞ்சி போட்ட உருப்படிக்குத் தனிக் கூலி கேட்கும் சலவைக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். வீட்டில் விறைப்பை விரும்புகிறவர் எவரோ, கஞ்சிப் பாத்திரத்தில் முதலில் கையை விட வேண்டியவரும் அவரே.