வெப்பமானி ஏறாத மாடி

தாராவி மக்களுக்கு வெக்கை பழகிப்போன ஒன்று என்போருக்காக இப்பதிவு.

உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் முதன்மை வழி வியர்வை ஆவியாதலே. மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை வழியும், எளிதில் ஆவியாகாது. இதயம் மிகையாக உழைக்கிறது. நீரிழப்பால் சிறுநீரகம் நலிகிறது. இரவிலும் அறை குளிராவிட்டால் உடல் மீள்வது எப்போது? பழக்கம் ஓரளவே காக்கும். முதியோரையும் கருவுற்றோரையும் நீரிழிவு நோயாளிகளையும் அது காப்பதில்லை. பொதுக்கழிப்பறை வரிசைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துப் பருகும் பெண்களை எந்தப் பழக்கம் காக்கும்?

கடலோர நிலையங்களில் அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடினால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்கிறது. மும்பைக்கான அளவீடுகள் கொலாபாவிலும் சாந்தாகுரூசிலும் திறந்தவெளி நிழற்பெட்டிக்குள் எடுக்கப்படுகின்றன. தாராவியில் இரும்பேணி ஏறிச்சென்று, கைக்கெட்டும் தகரக்கூரையின்கீழ் உறங்குபவருக்கு அந்த எண் எவ்வாறு பொருந்தும்? 2003இல் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் மாண்டபோது, கூரைக்கு நேர்கீழே வசித்தோருக்கே ஆபத்து மிகுதி என ஆய்வுகள் காட்டின.

மறுசீரமைப்பு வந்தால் யாவும் தீரும் என்பது அடுத்த வாதம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீடுகளுக்கே தாராவிக்குள் இலவச வீடு என்கிறது அரசு. மாடியில் வாழ்வோருக்கு உரியவை தாராவிக்கு வெளியே அமையும் வாடகைக் குடியிருப்புகள். வெக்கையை மிகுதியாகச் சுமந்தவர்களே வெளியேற்றப்படுகிறார்கள் என்பதே இதன் பொருள்.

கான்கிரீட் சுவர் தானாகவே நலம் தந்துவிடாது. செம்பூரை அடுத்த கோவண்டி, மான்குர்துப் பகுதிகளின் மறுவாழ்வுக் குடியிருப்புகளில் காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கத்துக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பின் ஆய்வு 2018இலேயே வெளிப்படுத்தியது. அதே நெருக்கத்தை மீண்டும் கட்டியெழுப்பி அதற்கு வளர்ச்சி எனப் பெயரிடுவதை ஏற்கவியலாது.

செய்யத்தக்கவை உள்ளன. வெப்பத்தை வீட்டுக்குள் அளந்து, அவ்வளவையின்படி எச்சரிக்கை விடுக்க வேண்டும். அகமதாபாத் செய்ததுபோல் ஏழையர் கூரைகளுக்கு மாநகராட்சியே வெண்பூச்சு பூச வேண்டும். அது இடைக்கால நிவாரணம் மட்டுமே. மாடியில் வாழ்வோரும் தாராவி மக்களே என ஏற்று, காற்றோட்டமுள்ள வீட்டை அவர்களுக்குத் தாராவியிலேயே வழங்க வேண்டும். இதற்குக் குறைவான எந்தத் திட்டத்தையும் நலத்திட்டம் என்று அழைக்காதீர்கள்.