சித்தூர் மாம்பழ விவசாயிகள்: ஆலை வாசலில் தீர்மானிக்கப்படும் வாழ்க்கை

2020 ஜூலை மாதம், ஊரடங்கு காலத்தில், அன்றைய சித்தூர் மாவட்டத்திலிருந்து ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. நகரத்தில் தேநீர்க் கடை வைத்துப் பிழைத்துவந்த குடும்பம் ஒன்று, கடையை மூட நேர்ந்ததால் ஊர் திரும்பியிருந்தது. உழவு மாட்டுக்கு வாடகை கொடுக்க வழியில்லை. பெற்றோர் உடன் நிற்க, இரு மகள்கள் நுகத்தைத் தோளில் சுமந்து ஏர் இழுத்தனர். காணொளியைக் கண்ட திரைப்பட நடிகர் ஒருவர் உடனடியாக ஒரு டிராக்டரை அனுப்பிவைத்தார். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சந்திரபாபு நாயுடு, அப்பெண்களின் கல்விச் செலவை ஏற்பதாக அறிவித்தார். ஊடகங்கள் கடுமையாக உழைக்கும் விவசாயக் குடும்பத்தை வியந்து எழுதின. அடுத்த வாரம் வேறு செய்திக்குச் சென்றுவிட்டன.

உதவியவரின் நல்லெண்ணத்தை ஐயுறத் தேவையில்லை. ஆனால் அந்தச் செய்திகளினூடே ஓடிய எண்ணம் ஆராயத்தக்கது. விவசாயி உழைக்கிறான், கருவிதான் இல்லை, கருவி கிடைத்தால் நிமிர்ந்துவிடுவான் என்பதே அந்த எண்ணம். ஐந்தாண்டு கழித்து, 2025 ஜூன், ஜூலை மாதங்களில், அதே வட்டாரத்தில் டிராக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு வெளியே அவை கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நின்றன. பாரம் ஏற்றிய வண்டிக்கு உள்ளே செல்ல அனுமதி கிடைக்க நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அடியில் இருந்த பழம் நசுங்கிச் சாறு ஒழுகியது. வண்டியைத் திருப்பிச் சென்று சாலையோரம் கொட்டியவர்களும் உண்டு. பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டவர்களும் உண்டு.

தமிழ் வாசகர்களுக்குச் சித்தூர் அந்நிய நிலம் அன்று. 1911-ல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட மாவட்டம் அது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் பயிர் மாறவில்லை. கிருஷ்ணகிரி விவசாயி 'பெங்களூரா' என்று அழைக்கும் மாம்பழத்தைத்தான் சித்தூர் விவசாயி 'தோத்தாபுரி' என்கிறார். கிளிமூக்குப் போன்ற நுனி கொண்ட இப்பழம் வீட்டு மேசைக்குச் செல்வது குறைவு. பெரும்பகுதி ஆலைக்குச் சென்று, கூழாகி, புட்டியில் அடைத்த பானமாகிறது. ஆகவே இதன் விலையைச் சந்தையில் கூடைக்குப் பேரம் பேசும் இல்லத்தரசி தீர்மானிப்பதில்லை. ஆலை வாசலில் எடை போடுபவர் தீர்மானிக்கிறார்.

ஒரு காலத்தில் இந்நிலம் வேர்க்கடலைக்கும் கரும்புக்கும் பெயர் பெற்றிருந்தது. மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறுகள் வற்ற, வேர்க்கடலை கைவிட்டது. கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் நின்றுபோக, கரும்பு சுருங்கியது. அரசும் தோட்டக்கலையை ஊக்குவித்தது. நீர் குறைவாகக் கேட்கும் மரம், நின்று காய்க்கும் மரம் என்று நம்பி, சிறு விவசாயிகளும் தங்கள் இரண்டு மூன்று ஏக்கரில் மா நட்டனர். மரம் வைத்தவர் நினைத்தபோது வேறு பயிருக்கு மாற முடியாது. விலை வீழ்ந்த ஆண்டில் தக்காளிக்காரர் அடுத்த பருவத்தில் வேறொன்றை விதைக்கலாம். பதினைந்து ஆண்டு மரத்தை வெட்டிவிட்டு விவசாயி எங்கே செல்வார்? வாங்குபவருக்கு இது நன்றாகத் தெரியும்.

மாந்தோட்டம் என்றால் மரம் தானே காய்க்கும், உடையவர் கட்டிலில் படுத்திருக்கலாம் என்று நகரவாசிகள் எண்ணுவது வழக்கம். அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். மழை கண்டதும் உழுது, பாத்தி கட்டி, எரு இட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பூ எடுத்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்தால் போதாது. பிஞ்சு உதிர்வுக்கு ஒரு மருந்து, பழ ஈக்கு ஒரு பொறி. வைகாசிக் காற்று ஓரிரவில் பாதிக் காயைத் தரையில் கொட்டிவிட்டுச் செல்லும். மா ஓராண்டு நிறையக் காய்த்தால் அடுத்த ஆண்டு குறையும் இயல்புடையது. 2024-ல் காய்ப்பு குறைந்து, கிலோ இருபது ரூபாய்க்கு மேல் விற்றது. 2025-ல் காய்ப்பு பெருகி, விலை தரைக்கு வந்தது. குறைவாக விளைந்தால் விற்கப் பழமில்லை, நிறைய விளைந்தால் வாங்க ஆளில்லை. இரண்டு ஆண்டும் உழைப்பு ஒன்றே.

இந்த உழைப்பில் பாதி கணக்கில் வராது. தெளிப்பானுக்குத் தண்ணீர் சுமப்பதும், உதிர்ந்த காயைப் பொறுக்குவதும், பறிப்பாட்களுக்குச் சமைப்பதும் பெண்களின் வேலை. பட்டாவோ பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கிறது. சாகுபடிச் செலவைக் கணக்கிடும் அதிகாரியின் தாளில் அவருடைய நாட்கள் இடம்பெறுவது அரிது. குடும்ப உழைப்பையும் சொந்த நிலத்தின் வாடகையையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதன் மேல் ஐம்பது சதவீதம் வைத்து விலை கொடு என்று விவசாய இயக்கம் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுதான். அந்தக் கோரிக்கையின் மையத்தில் இருப்பவர் பெண்.

மாம்பழப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அடுப்பு எரிய வைத்தது பால் பணம். சித்தூரின் கலப்பினப் பசுக்கள் பெயர் பெற்றவை; கூட்டுறவுப் பால் பண்ணை நெடுங்காலம் அவற்றின் பாலை வாங்கியது. அந்தப் பண்ணை 2002-ல் மூடப்பட்டது. அப்போது முதலமைச்சர், இதே மாவட்டத்தில் பிறந்த சந்திரபாபு நாயுடு. அவர் 1992-ல் நிறுவிய தனியார் பால் நிறுவனம் அதற்குள் நன்கு வளர்ந்திருந்தது. 2023-ல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு மூடிக்கிடந்த பண்ணையை 99 ஆண்டுக் குத்தகைக்கு அமுல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. உள்ளூர்க் கூட்டுறவை அதன் உறுப்பினர்களைக் கொண்டே மீட்டெடுப்பது இரு ஆட்சிகளுக்கும் தோன்றாத வழியாகவே இருந்தது.

இங்கு ஒரு பழைய செய்தியை நினைவுகூரலாம். 1936-ல் அகில இந்திய கிசான் சபை தோன்றியபோது அதன் பொதுச் செயலாளராக இருந்த என். ஜி. ரங்கா, 1959-ல் கூட்டுறவு விவசாயத் தீர்மானத்தை எதிர்த்துக் காங்கிரசிலிருந்து விலகி, சுதந்திரா கட்சியை அமைத்தவர்களுள் முதன்மையானவரானார். 1962 பொதுத்தேர்தலில் தெனாலியில் தோற்ற அவரை, இடைத்தேர்தலில் மக்களவைக்கு அனுப்பியது சித்தூர் தொகுதி. கூட்டுறவு வந்தால் விவசாயியின் சுதந்திரம் பறிபோகும் என்று அன்று எழுப்பப்பட்ட கூக்குரலுக்குச் சித்தூர் செவிசாய்த்தது. பறிபோயிற்று, பறித்தது கூட்டுறவு அன்று.

இனி 2025-ன் நிகழ்வுகளைப் பார்ப்போம். விலை வீழ்ச்சியைக் கண்ட ஆந்திர அரசு, கிலோ தோத்தாபுரிக்கு ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் தரும், ஆக 12 ரூபாய் என்று அறிவித்தது. அரசின் பங்கைப் பற்றி அரசு உறுதி கூறலாம். ஆலையின் பங்குக்கு யார் உறுதி? பல ஆலைகள் நான்கு, ஐந்து ரூபாய்க்கு மேல் தர மறுப்பதாகச் சொல்லி விவசாயிகள் வீதிக்கு வந்தனர். ஜூலை 9-ஆம் நாள் பங்காருபாளையம் சந்தைக்கு ஜெகன்மோகன் ரெட்டி வந்தார். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சாலையில் கொட்டிய பழத்தின் மீது சில நாட்கள் சொற்போர் நடத்தின. இரு தரப்பும் பானப் பெருநிறுவனங்களின் பெயரை உரக்கச் சொல்லவில்லை.

இதற்கு முன்பே, ஜூன் 7-ஆம் நாள், வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. எல்லைச் சாவடிகளில் காவல், வருவாய், வனத்துறை ஊழியர்கள் நிறுத்தப்பட்டனர். கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் விவசாயிகள் ஆண்டுதோறும் தங்கள் பழத்தைச் சித்தூர் ஆலைகளுக்கே அனுப்புபவர்கள். அவர்களுடைய வண்டிகள் திருப்பி அனுப்பப்பட்டன. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரியிலும் அதே பருவத்தில் அதே கூக்குரல். தமிழ்நாட்டு முதலமைச்சரும் ஒன்றிய அரசின் தலையீட்டைக் கோரினார்.

சித்தூர் விவசாயிகளில் ஒரு பகுதியினர் இத்தடையை வரவேற்றனர். நெருக்கடியில் இருப்பவர் அருகில் உள்ள போட்டியாளரைத்தான் முதலில் காண்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் தடையின் விளைவு என்ன? கோலார் பழம் நின்றது. சித்தூர் விலை ஏறவில்லை. கோலார் வண்டிதான் விலையை வீழ்த்தியது என்பது உண்மையானால், வண்டி நின்றதும் விலை நிமிர்ந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒன்றிய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் கர்நாடகத் தோத்தாபுரிக்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய், 2.5 லட்சம் டன் வரை என்று ஒப்புதல் அளித்தது. பின்னர் ஆந்திரத்துக்கு 1,490 ரூபாய் 73 காசு, 1,62,500 டன் வரை. செலவில் பாதி மாநிலத்துடையது. ஒரே பழம், ஒரே ஆலைகள், எல்லைக்கு இப்புறம் ஒரு விலை, அப்புறம் வேறொரு விலை. ஆந்திரத்துக்கு ஒப்புக்கொண்ட அளவோ, மதிப்பிடப்பட்ட ஏறத்தாழ 6.5 லட்சம் டன் விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு. ஏறத்தாழ 15 ரூபாய் நியாயம் என்று தானே கணக்கிட்ட ஒன்றிய அரசு, அந்த விலைக்குக் கீழ் வாங்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்க ஒரு வரிகூட எழுதவில்லை. வேறுபாட்டுத் தொகையை வரிப்பணத்திலிருந்து நிரப்புவதுதான் திட்டம். பெயரளவில் விவசாயிக்கு மானியம். நடைமுறையில் மலிவாக வாங்குபவருக்கு மானியம்.

ஆலை முதலாளிகள், முந்தைய ஆண்டின் கூழ் தேங்கிக் கிடக்கிறது, ஏற்றுமதி குறைந்துவிட்டது என்கின்றனர். இதில் உண்மை உண்டு. சித்தூரின் கூழ் ஆலைகளில் பல நடுத்தர நிறுவனங்கள், கடனில் ஓடுபவை. அவற்றின் கூழை மொத்தமாக வாங்குவோர் ஒருசில பானப் பெருநிறுவனங்களே. அவை கொள்முதலைக் குறைத்தால் ஆலை முதலாளி விவசாயியின் கழுத்தை நெரிக்கிறார். தன் கழுத்தில் இருக்கும் கையைப் பற்றிப் பேச அவருக்குத் துணிவில்லை.

அந்தக் கையின் கணக்கைப் பார்ப்போம். பழ பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரு கிலோ தோத்தாபுரியிலிருந்து ஏறத்தாழ அரை கிலோ கூழ் கிடைக்கும். அந்த வரம்பில் கலந்தால் ஐந்து லிட்டர் பானம். கிலோவுக்கு 8 ரூபாய் கொடுத்தாலும், ஒரு லிட்டர் பானத்தில் உள்ள பழத்தின் விலை 1 ரூபாய் 60 காசு. இருமடங்கு கூழ் கலந்தாலும் 3 ரூபாய் 20 காசு. விவசாயிக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்தால் லிட்டருக்குக் கூடுதல் செலவு ஒன்று அல்லது இரண்டு ரூபாய்தான். 2025 செப்டம்பரில் பழச்சாறு பானங்களின் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிச்சலுகை பெறும் நிறுவனம் விவசாயிக்கு இன்ன விலை தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதிக்க எது தடுத்தது?

2011-ல் கோகோ கோலா நிறுவனம், ஜெயின் பாசன நிறுவனத்தோடு சேர்ந்து 'உன்னதி' என்ற திட்டத்தைச் சித்தூரில் தொடங்கியது. மரங்களை மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று நெருக்கி நட்டால், பழைய முறையில் நாற்பது மரம் நின்ற ஏக்கரில் அறுநூறுக்கு மேல் நிற்கும். விளைச்சலைப் பெருக்குங்கள் என்று கற்றுக்கொடுக்க நிறுவனங்கள் முன்வந்தன. பெருகிய விளைச்சலை என்ன விலைக்கு யார் வாங்குவது என்ற கேள்வி மட்டும் விவசாயியின் தலையிலேயே இருக்கிறது.

குத்தகை விவசாயியின் நிலை இன்னும் மோசம். ஆந்திரத்தின் 2019-ஆம் ஆண்டுச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு வழி செய்தது. ஆனால் நில உடைமையாளர் கையெழுத்திட்டாலன்றி அட்டை இல்லை. அட்டை இல்லையேல் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'அன்னதாதா சுகிபவ' திட்டத்தின் ஆண்டுக்கு 20,000 ரூபாயில், ஒன்றிய அரசின் 6,000 ரூபாயும் அடக்கம். கிலோவுக்கு நான்கு ரூபாய் விலை குறைந்தால் ஐந்து டன்னிலேயே அந்தத் தொகை கரைந்துவிடும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2020 நவம்பரில் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு, பதினாறு வகைக் காய்கறி, கிழங்குகளுக்கு உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை நிர்ணயித்தது. அதில் குறைகள் இருக்கலாம். எனினும் விரைவில் அழுகும் பொருளுக்கு விலை நிர்ணயிக்க இயலாது என்ற வாதத்தை அது உடைத்தது. பூ எடுக்கும் முன்பே கொள்முதல் விலையை அறிவிப்பது, அவ்விலையில் வாங்காத நிறுவனத்துக்கு வரிச்சலுகையை மறுப்பது, கூட்டுறவுத் துறையில் ஒரு கூழ் ஆலையேனும் நிறுவுவது, அதன் பழச்சாற்றைப் பள்ளிச் சத்துணவுக்கும் திருப்பதியின் அன்னதானக் கூடங்களுக்கும் வாங்குவது ஆகியவை எட்டாக்கனிகள் அல்ல.

இவற்றை ஒரு மாநிலத்தில் மட்டும் கேட்டால் நிறுவனம் பக்கத்து மாநிலத்தில் வாங்கும். 2025-ன் அனுபவம் அதைத்தான் காட்டுகிறது. சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களின் விவசாய சங்கங்கள் தை மாதப் பூவுக்கு முன்பாக ஒரே கோரிக்கைப் பட்டியலோடு ஒரே மேடையில் கூட வேண்டும். மூன்று மாநில எல்லைகளும் நெருங்கும் குப்பம் அதற்கு ஏற்ற ஊர். கிருஷ்ணகிரித் தோழர்கள் காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்கு முன்பே சென்று சேரலாம். அது சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி என்பது கூடுதல் வசதி.