ரவுட்டரை மாத்தினால் டவர் கிட்ட வருமா?

இணையம் இழுபடுது என்று யாரிடம் சொன்னாலும் வன்னியில் கிடைக்கிற முதல் பதில் ஒன்றுதான்: "ரவுட்டர் பழசு, மாத்துங்கோ." கடையில் சொல்லுவினம். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தால் அங்கையும் சொல்லுவினம். கொழும்பில் இருக்கிற சொந்தக்காரரும் அதைத்தான் சொல்லுவினம். கேட்டு, நகையை அடைவு வைத்துப் புதுசு வாங்கின வீடுகளை எங்களுக்குத் தெரியும். அடுத்த மாதமும் திரையில் அதே வட்டம் சுத்திக்கொண்டுதான் இருந்தது.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு ரவுட்டரைப் பற்றி என்ன கதை என்று கேட்கலாம். காசு கட்டுகிற எல்லாருக்கும் இந்தக் கதை வேணும்.

எங்கட வீடுகளில் கூடுதலாக இருப்பது சிம் போடுகிற 4ஜி ரவுட்டர். அதில் இரண்டு தொடுப்பு உண்டு. ஒன்று டவரில் இருந்து ரவுட்டருக்கு. மற்றது ரவுட்டரில் இருந்து உங்கட போனுக்கு. வைஃபை என்கிறது இந்த இரண்டாவதை மட்டும்தான். பெட்டியில் 'வைஃபை 6', '1200 எம்பிபிஎஸ்' என்று பெரிதாக அச்சடித்திருப்பதும் அதற்குரிய கணக்கே. சாதாரண 'கற்றகரி 4' ரவுட்டரே டவரில் இருந்து விநாடிக்கு 150 மெகாபிட் வரை இறக்கக்கூடியது. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இரவு எட்டு மணிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வருகிறதா என்று அளந்து பாருங்கோ. தாங்கியில் தண்ணி இல்லாமல் பைப்பை மாத்தி என்ன செய்யிறது?

பழைய ரவுட்டரில் பிழையே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. காசைக் கொடுக்க முதல் சோதியுங்கோ. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று, முடிந்தால் கேபிளில் மடிக்கணினியைத் தொடுத்து, வேகத்தை அளவுங்கோ. பக்கத்தில் நல்லா வந்து அறைக்குள் விழுந்தால் பிழை வைஃபையில். அலுமாரிக்குப் பின்னால் இருக்கிற ரவுட்டரை எடுத்து உயரத்தில் வையுங்கோ. 5 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டக் கஷ்டப்படும், தூர அறைக்கு 2.4ஐப் பாவியுங்கோ. இதெல்லாம் செய்தும் சரிவராவிட்டால் மட்டும் புதுசு வாங்கலாம்.

பக்கத்திலேயே மந்தம் என்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எஸ்ஆர்பி' என்ற எண்ணைப் பாருங்கோ. -90 அளவில் நின்றால் சிக்னல் நல்லது. -110ஐயும் விடக் கீழே போனால் பலவீனம். தகரக் கூரைக்குக் கீழ் இருப்பதை டவர்ப் பக்க யன்னலுக்கு நகர்த்தினாலே எண் கொஞ்சம் ஏறலாம். அன்ரனா பூட்டக்கூடிய ரவுட்டர் என்றால் வெளியில் உயர்த்திப் பூட்டலாம். எண் நல்லா இருந்தும் விடியப்புறம் வேகம், இரவில் மந்தம் என்றால், அனேகமாக டவரில் நெரிசல். அதை எந்தப் பெட்டியும் திருத்தாது.

டவர் ஏன் போதாது? 2012 குடிசன மதிப்பீட்டின்படி 2,617 சதுர கிலோமீற்றர் கொண்ட முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தது சுமார் 92,000 பேர். ஒரு சதுர கிலோமீற்றருக்கு 40 பேரும் இல்லை. கொழும்பு மாவட்டத்தில் அது 3,000ஐத் தாண்டும். கம்பனி எங்கே கோபுரம் நடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அலைக்கற்றை பொதுச்சொத்து. அதைப் பாவிக்க உரிமம் கொடுப்பது அரசின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இலாபம் வராத இடத்துக்கும் சேவை போகிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை? அதைக் கேட்காமல் இருக்கத்தான் "ரவுட்டரை மாத்துங்கோ" என்ற பதில் உதவுகிறது. பொதுக்குறை ஒன்று, ஒவ்வொரு வீட்டின் சொந்தக் குறையாக மாறிவிடுகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் வகுப்புகள் மூடப்பட்டு சூமுக்குப் போனபோது, பல்கலைக்கழக மாணவருக்கு அதற்கான டேட்டாவை இலவசமாக்கினார்கள். நல்ல காரியம். சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த இலவசத்தால் என்ன பிரயோசனம்? இன்றைக்கு பல்கலைக்கழக விண்ணப்பமும் இணையத்தில்தான். படிவம் பாதியில் நிற்கிற பிள்ளையிடம் "உங்கட ரவுட்டர் சரியில்லை" என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்ததே, அதைப் பூட்டலாமே என்கிறார்கள். அறிமுகமானபோதே மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டுக் காசு வருகிற வீடு பூட்டும். பூட்டினபிறகு அந்த வீடு டவரைப் பற்றிக் கதைக்காது. பக்கத்து வீட்டுக் கூலிக்காரர் தனியக் கதைக்க வேண்டிவரும்.

ஆகவே சேர்ந்து செய்வோம். ஒரு கிழமைக்கு நேரம், இடம், ஆர்எஸ்ஆர்பி, வேகம் நாலையும் கொப்பியில் எழுதுங்கோ. சனசமூக நிலையத்தில் ஊர்க் கணக்கைச் சேருங்கோ. அதை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பிரதேச சபை உறுப்பினரைப் பிடியுங்கோ. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணைக்குழுவிடம் தமிழிலேயே கேளுங்கோ: எங்கட பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை டவர், அடுத்தது எப்போது? பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேணும். அந்தப் பதில் வரும்வரை பழைய ரவுட்டரே இருக்கட்டும்.