நெல்லிக்கனியும் திருட்டு நிரலும்

உடையவன் ஒருவன் இருந்தால்தான் கொடை என்பது உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அருநெல்லிக் கனியை ஔவைக்கு ஈந்தான் என்றால், அக்கனி அவனுடையதாக இருந்தது, தானே உண்டிருக்கலாம், உண்ணாது ஈந்தான். அதனாலன்றோ அது கொடையாயிற்று! இந்த எளிய உண்மையை, அத்தகடூரே இன்று தருமபுரியென வழங்கும் மண்ணிலும் அதற்கு அப்பாலும், கணிப்பொறியைத் தொட்ட அளவிலே தமிழர் மறந்து விடுகின்றனர்.

"திறந்த மூல மென்பொருள்தானே, கேட்பார் யார்?" என்பர் ஒரு சாரார். "அயலவன் குழுமத்திற்கு நாம் ஏன் கப்பம் கட்ட வேண்டும்? படியெடுத்தால் என்ன?" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கொடையை இழிவுபடுத்துகின்றனர். பின்னவர் களவை மறமென்று பாராட்டுகின்றனர். இரண்டும் தமிழ் அறத்திற்கு ஒவ்வாதவை.

சட்டம் சொல்வதை முதலில் காண்போம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பு என்னும் வகைக்குள் அடக்கிற்று. அஃதாவது, நிரலெழுதுவோனும் நூலாசிரியனுக்கு நிகரானவன். திருட்டுப் படியென்று அறிந்தே ஒரு நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 உருபா முதல் 2 இலக்கம் உருபா வரை தண்டமும் உண்டென்கிறது அச்சட்டத்தின் 63பி பிரிவு. ஊதியம் கருதாது பயன்படுத்தியவர்க்குச் சிறையை விலக்க வழக்குமன்றத்திற்கு இசைவு உண்டு. ஆயினும் குற்றம் குற்றமே.

இனித் திறந்த மூலத்திற்கு வருவோம். அமெரிக்கராகிய இரிச்சர்டு சுட்டால்மன் 1983-இல் 'குனு' திட்டத்தை அறிவித்தார்; அதன் பொது உரிமம் 1989-இல் வெளிவந்தது. நிரலைப் பயன்படுத்தலாம், கற்கலாம், மாற்றலாம், பரப்பலாம், விலைக்கும் விற்கலாம். கட்டளை ஒன்றே: பிறர்க்கு வழங்குங்கால் மூலநிரலையும், பெற்ற அதே உரிமையையும் சேர்த்து வழங்குக! தன் வீட்டளவில் மாற்றி வைத்துக் கொள்வோனை அது வினவுவதில்லை. வேறு சில உரிமங்கள் ஆசிரியன் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழியாது காத்தாலே போதுமென்கின்றன. அந்தப் பெயரையும் சுரண்டி எறிந்துவிட்டுத் தம் பெயரைப் பொறித்துக் கொள்வோரை என்னென்பது? பிறன் பாட்டின் இறுதியில் தன் முத்திரையடி சேர்க்கும் போலிப் புலவர் என்பதன்றி வேறென்ன?

பலர் இங்கே மயங்குகின்றனர். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு பெற்றுப் பின்னர் அவற்றைப் பொதுமக்களுக்கு உரியவையாக்கியது. நாட்டுடைமை நூலை எவரும் இசைவின்றிப் பதிப்பிக்கலாம். திறந்த மூல நிரலோ அத்தகையதன்று. அதன் உரிமை ஆக்கியோனிடமே உள்ளது. அவன் இசைவு தருகிறான். அவ்விசைவுக்குக் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாட்டை மீறியவனுக்கு இசைவும் இல்லை. 2004-இல் செருமனியின் மியூனிக் நகர வழக்குமன்றமும், 2008-இல் அமெரிக்க மேன்முறையீட்டு மன்றமொன்றும் இத்தகைய உரிமங்களின் கட்டளைகள் சட்டத்தின் முன் செல்லும் என்றே தீர்த்துள்ளன.

தமிழுக்கு இதில் என்ன என்பீரோ? எல்லாம் உண்டு! ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்து எழுத்துருக்களைப் பூட்டி வைத்திருந்த காலத்தில், ஒருவர் அச்சுக்கோத்த தமிழ் மற்றொருவர் கணிப்பொறியில் குப்பையாய்த் தெரிந்தது. 1999-இல் தமிழ்நெட் 99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இவற்றுக்கிடையே, 'தமிழா' குழுவினர் எ-கலப்பை என்னும் தட்டச்சுக் கருவியை ஆக்கி எவர்க்கும் விலையின்றி வழங்கினர். பின்னாளில் அதன் மூலநிரலையும் திறந்தனர். கலப்பையைக் கொடுத்தவன் பெயரை மறைத்து உழுதால் விளைவது நெல்லன்று, நன்றிகேடு.

2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியது. விண்டோசுடன் 'பாசு' இலினக்சும் அவற்றில் இடம்பெற்றது. பின்னது, நடுவணரசின் சீ-டாக் நிறுவனம் ஆக்கிய கட்டற்ற இயங்குதளம், தமிழிலும் இயங்கவல்லது. அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் உள்ள ஏழை வீட்டுப் பிள்ளைகள் கையில் திறந்து பார்த்துக் கற்கத்தக்க ஒரு கருவி வந்தது. அதனை அழித்துவிட்டுத் திருட்டு நிரலை நிறுவித் தருமாறு கடைக்காரரைக் கேட்ட பெற்றோரும், அதனைக் கண்டும் வாளாவிருந்த ஆசிரியரும் எண்ணிப் பார்க்கட்டும்! கப்பம் கட்டமாட்டேன் என்று களவு செய்பவன் அயலவன் கருவிக்கே பழகுகிறான். நாளை அலுவலகத்தில் அதையே விலைக்குக் கேட்கிறான். அவன் விடுதலை பெற்றவனல்லன், விலைகொடாத அடிமை.

எனவே தமிழர் செய்யத் தக்கவை தெளிவானவை. விலைப்பொருளாயின் விலை கொடுத்து வாங்குக. இயலாதாயின் கட்டற்றதை நாடுக. எடுத்ததன் உரிமத்தைப் படித்து, ஆக்கியோன் பெயரைக் காத்து, மாற்றியதைத் திறந்து வைக்க. தமிழிதழ் நடத்துவோர் தம் எழுத்துரு எவர் உழைப்பென்று இன்றே வினவுக. தாய்மொழித் தொண்டைத் திருட்டு எழுத்தில் அச்சிடுவது தொண்டாகாது. பள்ளிகள் பாசு இலினக்சைத் தூசியிலிருந்து எடுத்துப் பிள்ளைகட்குக் கற்பிக்க.

பெற்ற கனியைப் பிறர்க்கும் பெற்றவாறே ஈவதுதான் தகடூர் கற்பித்த அறம். அதனைக் களவாடி உண்பார்க்கு அதியமான் பெயரைச் சொல்லும் தகுதியில்லை!