கணினி சொன்னது, உலை ஒப்புக்கொண்டதா?



2025 சூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் மீண்டும் இடம்பெற்றது. இனிப் பண்டார் பாரு போன்ற சிற்றூர்களிலும் விளக்கக் கூட்டங்கள் நடக்கலாம். "எல்லாம் கணினியில் கணக்கிட்டாயிற்று, அஞ்ச வேண்டா" என்பார்கள். அப்போது நாம் என்ன கேட்பது?

பெரும்பாலான உலைகளில் எரிவது யுரேனியம் டை ஆக்சைடு வில்லை. அது ஒரு படிகம். யுரேனிய அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் நிற்கும். ஆக்சிசன் அணுக்கள் இடையிலுள்ள எட்டு இடங்களில் அமரும். யுரேனியம் பிளவுபடும்போது செனான் வளிமம் பிறக்கிறது. அதற்கு அப்படிகத்தில் இடமில்லை. வெற்றிடங்களில் ஒதுங்கி, நாளடைவில் குமிழிகளாகத் திரள்கிறது. வில்லை உப்புகிறது, வெப்பம் கடத்தும் திறனும் குறைகிறது. செனான் எங்கே ஒதுங்கும், அங்கிருந்து நகர எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுச் சொல்லும். புளூட்டோனியத்தைக் கையுறைப் பெட்டிக்குள் வைத்தே தொட வேண்டியிருக்கையில் இது பேருதவிதான்.

ஆயினும் ஒன்று. வழக்கமான அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டின்படி கணக்கிட்டால், யுரேனியம் டை ஆக்சைடு உலோகம் என்று விடை வரும். உண்மையில் அது உலோகமன்று. திருத்துவதற்காக ஓர் எண்ணைக் கணக்கில் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவீட்டோடு ஒத்துப்போகுமாறு அவ்வெண்ணைத் தெரிவு செய்கிறார்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் மாணவனை நாம் கண்டிப்போம். இங்கே அது குற்றமன்று, ஆனால் மறைக்கக் கூடாதது.

காலமும் இடிக்கிறது. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு துளியே, அணுக்களின் நகர்வைக் கணிப்பதில் ஒரு படி. எரிபொருளோ உலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

கல்பாக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில், 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடு கலந்த எரிபொருளை இட்டார்கள். அதற்கு முன்னோடி இல்லை. ஆகவே தாழ்ந்த வரம்பில் தொடங்கினார்கள். எரிந்த கோல்களைக் கதிர்காப்பு அறையில் வெட்டிச் சோதித்தார்கள். பிறகே வரம்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள். கோல் பழுதின்றி ஒரு தன்னுக்கு 165,000 மெகாவாட்-நாள் வரை சென்றது. அந்த எண்ணை நான் நம்புவது வெட்டிப் பார்த்தார்கள் என்பதால்தான்.

நம் நாட்டில் பாங்கியில் 1982 முதல் உள்ளது ஒரே ஆய்வு உலை. அதன் எரிபொருளோ யுரேனியம், சிர்க்கோனியம், ஐதரசன் சேர்ந்த வேறொரு வகை. அதன் பட்டறிவை அப்படியே மின்உலைக்குப் பொருத்த இயலாது. எனவே கூட்டத்துக்கு வருவோர் கணினிப் படங்களோடு, அதே வகை எரிபொருள் எங்கே, எத்தனை ஆண்டு எரிந்தது, யார் வெட்டிச் சோதித்தார் என்ற அறிக்கையையும் கொண்டுவரட்டும், மலாயிலும் தமிழிலும்.