புயல் வருது மக்களே, பால் வாங்கியாச்சா?

பஃபலோவுக்கு இந்த வாரக் கடைசியில் பனிப்புயல் எச்சரிக்கை. நேத்து சாயங்காலமே கடையில் பால் காலி, முட்டை காலி, ரொட்டி அலமாரி துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. நம்மூர்ல துறைமுகத்துல கூண்டு ஏத்தினா மெழுகுவத்தி தீர்ந்து போகுமே, அதே கதைதான் :-)

இந்த வருஷம் புதுசா வந்த மக்கள் ரெண்டு கட்சி. ஒரு கட்சி "ஹை, ஸ்னோ!" என்று போட்டோ எடுக்கத் தயார். இன்னொரு கட்சி "வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் இருக்கே, எப்படிப் போறது?" என்று கவலை. எனக்கு ரெண்டாவது கட்சியை நினைச்சாதான் பயம்.

முதல்ல, ஏன் நமக்கு மட்டும் இந்த வாழ்வு? எல்லாம் ஈரி ஏரி பண்ற வேலை. சுமார் 390 கிலோமீட்டர் நீளம், நாம இருக்கிறது அதன் கிழக்கு முனையில். குளிர்காற்று இன்னும் உறையாத தண்ணி மேல நீளவாக்கில் ஓடி வரும்போது, ஈரத்தையும் சூட்டையும் அள்ளிக்கிட்டு வந்து கரையில் பனியாகக் கொட்டிடும். அதுவும் ஒல்லியான பட்டை மாதிரி. 2014 நவம்பர்ல ஊருக்குத் தெற்கே அஞ்சடிக்கு மேல கொட்டினப்போ, வடக்கே இருந்தவங்களுக்குச் சில அங்குலம்தான்.

"ஏரி உறைஞ்சிட்டா தப்பிச்சோம்"னு சொல்றது பாதிதான் உண்மை. 1977 ஜனவரி 28 புயலப்போ ஏரி உறைஞ்சுதான் இருந்தது. புதுசாப் பெய்த பனி கொஞ்சம்தான். ஏரிப் பனிக்கட்டி மேல குவிஞ்சு கிடந்ததைக் காற்று அள்ளிக்கிட்டு வந்து ஊரையே மூடிடுச்சு.

ஆக, விஷயம் பனி இல்லீங்க, காற்று. இங்கே பனிப்புயல்னு சொல்ல என்ன கணக்கு தெரியுமா? மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று, 400 மீட்டருக்கு மேல கண்ணு தெரியாத நிலை, இது ரெண்டும் 3 மணி நேரமாவது நீடிக்கணும். எத்தனை அங்குலம் பெய்யணும்ங்கிற பேச்சே அதில் கிடையாது. 2022 டிசம்பர்ல இது 37 மணி நேரம் நீடிச்சது. மைனஸ் 18 டிகிரி குளிர்ல 65 கிலோமீட்டர் வேகத்துல காற்றடிச்சா, உடம்புக்கு அது மைனஸ் 34. மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள்ள உறைய ஆரம்பிச்சிடும்.

அந்தப் புயல்ல இந்த வட்டாரத்துல 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. வேடிக்கை பார்க்கப் போனவங்க கதை இல்லை இது. கார்ல மாட்டிக்கிட்டவங்க, நடந்து போனவங்க, கரண்ட் போய் வீட்டுக்குள்ளேயே குளிர்ல விறைச்சவங்க, ஆம்புலன்ஸ் வர முடியாம போனவங்க. இத்தனைக்கும் சில நாள் முன்னாடியே வானிலை ஆபீஸ் எச்சரிச்சது. ஆனா வண்டி ஓட்டத் தடை அமலுக்கு வந்தது டிசம்பர் 23 காலை 9.30க்கு. அதுக்குள்ள வேலைக்குப் போக வேண்டியவங்க கிளம்பியாச்சு.

அதனால முடிவை முந்தின நாளே எடுக்கணும். புயலுக்குள்ள இருந்துக்கிட்டு யோசிக்கவெல்லாம் முடியாது. "வெள்ளிக்கிழமை வர மாட்டேன்"னு மேனேஜர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அரிசி, பருப்பு, மாத்திரை, குடிதண்ணி பார்த்து வெச்சுக்கோங்க. போனை முழுசா சார்ஜ் பண்ணுங்க. கரண்ட் போனா ஃபர்னஸும் நின்னுடும், அதில் ஃபேன் ஓட கரண்ட் வேணும். அப்போ தயவுசெஞ்சு கேஸ் அடுப்பையோ அவனையோ பத்தவெச்சுக் குளிர் காயாதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளை முடிச்சிடும். ஒரே ரூம்ல எல்லாரும் சேர்ந்து கம்பளி போர்த்திக்கிட்டு அரட்டை அடிங்க.

கார்ல மாட்டிக்கிட்டா இறங்கி நடக்காதீங்க. புகைக்குழாயை மூடின பனியைத் தள்ளிட்டு, மணிக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் என்ஜினை ஓட விடுங்க, ஜன்னலைத் துளி திறந்து வெச்சுக்கிட்டு.

பக்கத்துலயே வீடு தெரிஞ்சா, கூச்சப்படாம கதவைத் தட்டுங்க. 2022ல நயாகரா பார்க்கக் கிளம்பின கொரியாக்காரங்க வேன் நம்ம வில்லியம்ஸ்வில்ல பனியில சிக்கிடுச்சு. மண்வெட்டி கேட்டுக் கதவைத் தட்டினாங்க. அந்தத் தம்பதி பத்துப் பேரையும் உள்ளே கூப்பிட்டுத் தங்க வெச்சாங்க. சமையலறையைத் திறந்து பார்த்தா கிம்ச்சி முதற்கொண்டு கொரியச் சமையல் சாமான் எல்லாம் இருக்கு! வந்தவங்களே சமைச்சு எல்லாருமா சாப்பிட்டாங்க.

நம்ம வீட்லயும் புளியும் ரசப்பொடியும் தாராளமா இருக்கு. தனியா இருக்கிறவங்க வியாழக்கிழமை சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கிட்டு வந்துடுங்க. வெள்ளிக்கிழமை காலையில கிளம்பி வரேன்னு மட்டும் சொல்லாதீங்க.